மேஸ்திரிக்கு ஒரு படிக்கட்டு

சோபாக்கா தைத்த சோபாவில் உட்கார்ந்தவர் லேசில் எழுந்துபோக மாட்டார். இதை அவளே சொல்லிக்கொள்வாள். தற்பெருமை என்று நினைப்பவர்கள் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து பேசலாம். முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் வீடு. ஸ்பிரிங் துருத்திய சோபா, குழி விழுந்த நாற்காலி, காரிலிருந்து கழற்றிய சீட்டு என்று எது வந்தாலும் பிரித்துப் போட்டு, புது ஸ்பாஞ்ச் அடைத்து, துணியை இழுத்து அடித்து, மெத்துமெத்தென்று திருப்பி அனுப்புவாள்.

அந்தப் பட்டறையில் அவளுக்கும் மேலே ஓர் அதிகாரி உண்டு. சாம்பல் நிறப் பூனை, பெயர் மேஸ்திரி. பெண் பூனைதான், ஆனால் அதன் நடத்தைக்கு வேறு பெயர் வைக்க முடியவில்லை. ஒரு பழைய சோபாவைப் பிரித்தபோது அதன் வயிற்றுக்குள் குட்டியாகக் கிடைத்தது. அன்று முதல் பட்டறையைத் தன் பெயரில் எழுதி வாங்கியதுபோல் நடந்துகொண்டது. தெருவைப் பார்த்த ஜன்னல் திட்டுதான் அதன் ஆபீஸ். தரையிலிருந்து அதற்கு ஒரே தாவல். ஏறி உட்கார்ந்தால் ஒரு கண் தெருவில், ஒரு கண் தையல் மெஷினில். மெஷின் கொஞ்ச நேரம் நின்றுவிட்டால் திரும்பி ஒரு பார்வை பார்க்கும், சோபாக்காவின் கால் தானாக மிதியில் போய் உட்காரும். "என் வேலை சுத்தமா இருக்குன்னா அது மேஸ்திரியாலதான்" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வாள். பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

பதினோரு வயதில் அந்தத் தாவல் தவறியது. பாதி உயரம் போய்ச் சறுக்கி விழுந்தது. ஒன்றுமே நடக்காததுபோல் உட்கார்ந்து முதுகை நக்கிக்கொண்டது. சோபாக்காவும் பார்க்காததுபோல் இருந்துவிட்டாள், பெரியவர்கள் வழுக்கி விழுந்தால் நாம் அப்படித்தானே இருக்கிறோம். ஆனால் அதற்குப் பிறகு மேஸ்திரி தாவவே இல்லை. ஜன்னலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும், கத்தும், மேஜைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஒருநாள் இடுப்பைத் தடவப் போன கையைக் கடித்துவிட்டது. எத்தனையோ வருஷத்தில் முதல் கடி. கடி பட்ட கையைவிட மனசுதான் அதிகம் வலித்தது.

கால்நடை டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"ரெண்டு இடுப்பு மூட்டும் தேஞ்சு போச்சும்மா. இது சரியாகிற விஷயம் இல்ல. கடைசி வரைக்கும் கூடவே இருக்கும். ஊசி போடலாம், சொட்டு மருந்து தரேன், வலி குறையும். முழுசாப் போகாது."

"சரிங்க டாக்டர்."

"இதுக்கு ரொம்பப் பிடிச்ச காரியம் என்ன?"

"ஜன்னல்ல உட்கார்ந்து எங்களை மிரட்டறது."

டாக்டரம்மா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னார்: "மருந்து கொடுத்தும் அங்க போக முடியல, சாப்பாடும் இறங்கல, ஒரு மூலையிலயே வலியோட கிடக்குதுன்னா, அப்படியே வெச்சிருக்கிறது நியாயமான்னு நாம உட்கார்ந்து பேசணும். ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. அதுக்குள்ள ஜன்னலுக்கு ஒரு படி மாதிரி செஞ்சு வைங்க. படி எப்படி இருக்கணும்னா..."

"அதை என்கிட்ட விடுங்க டாக்டர். என் தொழிலே அதானே" என்றாள் சோபாக்கா, அவரை முடிக்க விடாமல்.

அந்த வாயைக் கொஞ்சம் மூடியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

முதலில் தூக்கி வைத்துப் பார்த்தாள். மேஸ்திரிக்கு அது பெரிய அவமானம். ஜன்னலில் வைத்ததும் தெருவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தது. இறக்கிவிடும் வரை முகத்தைத் திருப்பவில்லை. சிபாரிசில் கிடைத்த பதவி அதற்கு வேண்டாம்.

சரி என்று படிக்கட்டு செய்யும் வேலையில் இறங்கினாள். கையிலிருந்த ஸ்பாஞ்சிலேயே உயர்ந்தது, ஒரு பணக்கார வீட்டு வேலையில் மிஞ்சிய கருஞ்சிவப்பு வெல்வெட். ஒவ்வொரு படியும் அழுத்தினால் கை மணிக்கட்டுவரை உள்ளே போகும். பார்த்தவர்கள் எல்லாம் 'எங்க வீட்டுக்கும் ஒண்ணு' என்றார்கள். பார்க்க வேண்டியவர் மட்டும் ஒரு முன்னங்காலை வைத்தார். கால் புதைந்தது. பின்னங்கால்கள் நடுங்கின. அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டுவிட்டு மேஜைக்கு அடியில் போய்விட்டது.

மெத்து போதவில்லை என்று முடிவுகட்டினாள் சோபாக்கா. இன்னும் ஒரு அடுக்கு ஸ்பாஞ்ச் வைத்தாள். அதன் பிறகு மேஸ்திரி அந்தப் பக்கமே வரவில்லை. மருந்து கலந்த சாப்பாட்டையும் பாதியில் விட்டது. டாக்டரம்மாவிடம் போக வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மெஷின் மணிக்கணக்கில் சும்மா கிடந்தது, திரும்பிப் பார்த்து மிரட்ட ஜன்னலில் ஆளில்லை.

அவளுடைய கணவர் பஸ் ஓட்டுபவர். சாயங்காலம் வீடு திரும்பினால், வீடு நிறைய சோபா இருந்தும், மூலையிலிருக்கும் மர ஸ்டூலில்தான் உட்காருவார். அன்றும் அதில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். சோபாக்கா தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"மேஸ்திரி நம்மள விட்டுப் போகப் போறா. நான் செஞ்சு வெச்சதைக்கூட மிதிக்க மாட்டேங்கறா."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஒண்ணு சொல்லட்டுமா? கோச்சுக்கக் கூடாது."

"கேட்டுட்டுச் சொல்றேன், கோச்சுக்கறதா வேணாமான்னு."

"நான் ஏன் இந்த ஸ்டூல்லயே உட்கார்றேன்னு நினைக்கிற?"

"பழக்கம்னு நீங்கதான சொன்னீங்க."

"பழக்கம் எல்லாம் இல்ல. இடுப்பு வலி. நாள் பூரா வண்டி ஓட்டிட்டு வந்து உன் சோபாவுல உட்கார்ந்தா அப்படியே உள்ள போயிடறேன். எழுந்திரிக்கலாம்னா ஊனறதுக்குக் கெட்டியா ஒரு இடம் இல்ல. சுளுக்குன்னு பிடிக்கும் பாரு, உசுரு போயி உசுரு வரும்."

சோபாக்கா அழுகையை நிறுத்திவிட்டாள். "இத்தனை வருஷமா?"

"அது எதுக்கு இப்ப."

"சொல்றதுக்கு என்ன கேடு?"

"ஊரே உன் சோபாவைப் புகழுது. கட்டினவனே குறை சொன்னா நல்லாவா இருக்கும்?"

கோபம் வந்தது. இத்தனை வருஷம் தன் தொழிலை மதிக்காமல் ஸ்டூலில் உட்காருகிறார் என்று உள்ளுக்குள் புழுங்கியிருக்கிறாள், மனுஷன் வலியை மென்று விழுங்கிக்கொண்டு அவள் பெருமையைக் காப்பாற்றியிருக்கிறார். "டிரைவரே, உங்களை அப்புறமா கவனிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வெல்வெட் படியருகே போனாள். இரண்டு கையையும் ஊன்றி, உடம்பின் பாரத்தை அதன்மேல் போட்டாள். கைகள் புதைந்தன, மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பியது. நோகாத மணிக்கட்டுக்கே இந்தப் பாடு.

"படுக்கத்தான் மெத்தை" என்றாள். "ஏறணும்னா தரை வேணும்."

மறுநாள் காலையில் வெல்வெட்டைக் கிழித்தாள். ஒரு சிட்டிகை ஸ்பாஞ்சுகூட வைக்காமல், கனத்த பலகையில் தாழ்வாக, அகலமாக, மேஸ்திரி நாலு காலையும் வைத்து நின்று மூச்சு வாங்கிக்கொள்ள இடம் விட்டுப் படிகள் செய்தாள். மேலே சொரசொரப்பான மெல்லிய கம்பளத்தைச் சுருக்கமே விழாமல் இழுத்து அடித்தாள். ஏறி நின்று ஆட்டிப் பார்த்தாள், அசையவில்லை. தைத்த கார் சீட்டை வாங்க வந்த ஒருவர், "என்னக்கா, இதுல பஞ்சே இல்லையே?" என்றார். "வைக்கத் தெரியாம இல்ல" என்று மட்டும் சொன்னாள். அவள் வாழ்க்கையில் செய்த ஒரே கெட்டியான வேலை அதுதான்.

இரண்டு நாள் மேஸ்திரி அதை முகர்ந்து பார்த்ததோடு சரி. மூன்றாம் நாள் மருந்து உள்ளே போய்க் கொஞ்சம் தெம்பாக இருந்த நேரம், முதல் படியில் ஒரு காலை வைத்து அழுத்தியது. படி அழுந்தவில்லை. இன்னொரு காலை வைத்தது. பின்பகுதியை இழுத்து, நடுக்கத்தோடு, ஏறி நின்றது. சோபாக்கா மெஷினை விட்டு எழுந்தாள்.

"தூக்காத" என்றார் அன்று விடுப்பில் இருந்த கணவர், அவள் கையைப் பிடித்து.

"வலிக்குதுங்க அவளுக்கு."

"வலிக்கட்டும். அவளேதான் ஏறணும்."

நடுப்படியில் வெகுநேரம் நின்றது. ஒரு தடவை கத்தியது. இறங்கிவிடும் என்று நினைத்து அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது மேஸ்திரி அடுத்த படியில் இருந்தது. அதற்கடுத்த படிக்குப் போக இன்னும் அதிக நேரம் ஆனது. கடைசியில் ஜன்னல் திட்டில் ஏறி, வலி குறைந்த பக்கத்து இடுப்பைக் கீழே வைத்து, தெருவைப் பார்த்து உட்கார்ந்தது. இவர்கள் இருவரையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எத்தனையோ வீட்டு வரவேற்பறைகளில் சோபாக்காவின் வேலை உட்கார்ந்திருக்கிறது, எதுவும் இவ்வளவு பெருமை தந்ததில்லை. அதுவும் தன்னை நினைத்து அல்ல. அந்தச் சாம்பல் முதுகை நினைத்து.

வலி போய்விடவில்லை. குளிர்ந்த காலைகளில் முனகும், சில நாள் முதல் படியோடு திரும்பிவிடும். ஊசி இருக்கிறது, சொட்டு மருந்து இருக்கிறது. இனி எப்போதும் இருக்கும்.

டாக்டரம்மாவிடம் போக வேண்டிய நாள் வந்தது. காலையிலேயே சோபாக்கா போன் செய்தாள்.

"ஊசி போட அடுத்த வாரம் கூட்டிட்டு வரேன் டாக்டர். அந்தப் பேச்சு இப்ப வேணாம்."

"ஏன், என்ன ஆச்சு?"

ஜன்னலில் மேஸ்திரி மெதுவாகத் தலையைத் திருப்பி, நின்றுபோன மெஷினையும் போனும் கையுமாக நிற்பவளையும் பார்த்தது.

"அப்புறம் பேசறேன் டாக்டர்" என்றாள் சோபாக்கா. "மேஸ்திரி பார்க்கறாங்க."