மெழுகு பார்க்கும் கை

கப்பலில் வந்திறங்கும் புதுக் கார்களுக்கு உடம்பெல்லாம் மெழுகு பூசியிருக்கும். உப்புக் காற்று பெயிண்டைத் தின்றுவிடக் கூடாதாம். அந்த மெழுகை எடுப்பதுதான் எங்கள் கொட்டகையின் வேலை. முதலில் மெழுகைக் கரைக்கிற எண்ணெயை அடிப்போம். மண்ணெண்ணெய்க்கு அண்ணன் மாதிரி நாறும். மெழுகு இளகியதும் குழாயில் சுடுதண்ணீர் பீய்ச்சித் துணியால் துடைப்போம். கடைசியில் ஒருத்தர் கையுறையைக் கழற்றிவிட்டு, வண்டி முழுக்க உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மெழுகு கைக்குத் தெரியும். விட்டுவிட்டால் அதில் தூசி ஒட்டி, தேமல் மாதிரி திட்டுத் திட்டாகத் தெரிய ஆரம்பிக்கும்.

அந்தக் கை என் அண்ணியுடையது. அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. புருஷன் விட்டுவிட்டுப் போனதும் எங்கள் வீட்டுக்கு வந்தவர். வந்த அன்றே செருப்பைக் கூடக் கழற்றாமல் சொன்னார்: "தம்பி வீட்ல ஓசில உக்காந்து சாப்பிட மாட்டேன். வேலைக்குப் போயிட்டிருக்கற வரைக்கும்தான் இங்க இருப்பேன்." எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று எல்லோரும் சொல்வார்கள். ரோஷத்தில் அண்ணி என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்.

எங்கள் சூப்பர்வைசருக்கு டார்ச் என்று பெயர் வைத்திருந்தோம். பகலிலும் டார்ச் அடித்து பெயிண்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கொதிகலனில் சூடு காட்டும் முள் செத்துப்போய் வெகுநாளாகிறது. மாற்றச் சொன்னால், "அக்கா கை இருக்கும்போது முள்ளு எதுக்கு?" என்பார். தண்ணீர் ஆறியிருந்தால் மெழுகு அசையாது, கொதித்தால் பெயிண்ட் மங்கிவிடும். அண்ணி கையை நீட்டிப் பார்த்து "ஏத்து", "போதும்" என்று சொல்வார். டார்ச் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவார். பாராட்டத்தான் காசு வேண்டாமே!

கொஞ்ச காலமாக அண்ணி கையிலிருந்து டம்ளர் நழுவியது. ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிட்டார். "கண்ணு மங்குதுடி" என்றார். நானும் நம்பினேன்.

அன்று காலை ஒரு கருநீல வண்டி. அண்ணி குழாய் முன்னால் இடது கையை நீட்டினார்.

"பத்தல. ஏத்து."

திருகினேன்.

"இன்னும் ஏத்துடி."

"அண்ணி, ஆவி பறக்குது."

"வாயாடாம ஏத்து."

ஆவி கொஞ்சம் விலகியபோதுதான் அந்தக் கையைப் பார்த்தேன். செக்கச் சிவந்து, மணிக்கட்டில் தோல் சுருண்டு கிளம்பியிருந்தது. அண்ணி முகத்திலோ பஸ்ஸுக்குக் காத்திருப்பவரின் அலுப்புதான் இருந்தது. அலறிக்கொண்டே குழாயை மூடினேன்.

"எதுக்குடி கத்துற?" என்றவர், குனிந்து தன் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "யார்கிட்டயும் சொல்லாத."

"எப்ப இருந்து இப்படி?"

"மொதல்ல விரல் நுனிதான் மரத்துச்சு. இப்ப ரெண்டு கையும்."

"அப்ப வண்டிங்கள எப்படித் தடவிப் பாத்தீங்க?"

"குத்துமதிப்பாதான். நீ நல்லாத் தொடைச்சிருப்பேன்னு ஒரு நம்பிக்கை."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அதற்குள் டார்ச் ஓடி வந்தார். தண்ணீர் பட்ட கதவில் வெளிச்சம் அடித்தார். "பெயிண்டுக்கு ஏதாச்சும் ஆச்சா?"

"சார், கையப் பாருங்க சார்!"

கையிலும் அடித்துப் பார்த்தார். உடனே விளக்கை அணைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். அந்த எண்ணெய் ஊறி ஊறி நரம்பு செத்துவிட்டது, இனி உணர்ச்சி திரும்பாது, மிச்ச உடம்பாவது தப்பிக்க வேண்டுமானால் அந்தப் பக்கமே போகாதீர்கள் என்றார் டாக்டர். அண்ணி நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

வீட்டில் என் கணவர், "போதும்க்கா. நாங்க பாத்துக்கறோம்" என்றார். அண்ணி வலது கையால் தடுமாறித் தடுமாறித் தன் துணிகளைப் பையில் திணித்தார்.

"எங்க போவீங்க?" என்றேன்.

"எங்கயாவது. வேல போச்சுன்னா எனக்கு இங்க என்னடி இருக்கு?"

மறுநாள் எனக்கு முன்பே வந்து கொட்டகையில் நின்றார். டார்ச் அவரைக் கண்டுகொள்ளாமல் என்னிடம் வந்தார். "கையுறையக் கழட்டு. இனிமே நீதான் பாக்கணும்."

"மாட்டேன். என் கை எனக்கு வேணும்."

"அப்ப ரெண்டு பேரும் கிளம்புங்க."

"கிளம்பறோம்!" என்று துணியை விசிறி அடித்தேன். அண்ணி அசையவில்லை. கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, துடைத்து வைத்திருந்த ஒரு வெள்ளை வண்டியிடம் போனார். குனிந்து, கண்ணை மூடி, பானெட்டின் மேல் கன்னத்தை வைத்தார். அப்படியே மெல்ல மெல்ல நகர்ந்தார்.

"இந்த எடத்துல இருக்கு. கொஞ்சூண்டு."

டார்ச் ஒரு துணியை எடுத்து அங்கே அழுத்தித் துடைத்தார். துணி பழுப்பாக வந்தது. அவருக்கும் வீட்டில் அக்கா தங்கை இருப்பார்கள், இரக்கப்பட்டுத் திட்டியாவது வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன்.

"சரிக்கா. கதவு நாலையும் பாத்துருங்க" என்றார்.

வேலை முடிந்ததும் குழாயடியில் உட்கார வைத்து நான்தான் அண்ணிக்கு முகம் கழுவிவிட்டேன். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த நாற்றம் போகவில்லை. வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன். டார்ச்சை, கப்பலை, அவருடைய பாழாய்ப்போன ரோஷத்தை. அழுதுகொண்டே அழுத்தித் தேய்த்தேன்.

"மெதுவாடி, எரியுது."

"எரியட்டும்! இந்தக் கன்னமும் மரத்துப் போனா என்ன பண்ணுவீங்க?"

அண்ணி அதை முன்பே யோசித்து வைத்திருந்தார்.

"நாளைக்கு அந்தக் கன்னத்த வெச்சிக்கறேன். மாத்தி மாத்தி வெச்சா கொஞ்ச நாள் தாங்கும்."