பதினொன்று பத்துக்குப் பதிவான பெயர்

அந்த ஒரு வரியை நீக்கச் சொல்லி அண்ணி கேட்டாரா, இல்லை நானாகவே நீக்கினேனா என்பது எனக்கு இப்போது உறுதியாகத் தெரியவில்லை. கேட்டதாகவும் நினைவிருக்கிறது, கேட்காததாகவும் நினைவிருக்கிறது. இரண்டு நினைவிலும் சன்னலுக்கு வெளியே மழை பெய்கிறது. அதனால் எதையும் முழுதாக நம்ப முடியவில்லை.

அண்ணி படகுத்துறை அலுவலகத்தில் வேலை பார்த்தார். அக்கரைக்குப் போகும் படகுகளின் நேரத்தையும் தாமதத்தையும் அலுவலக இணையதளத்தில் ஏற்றுவது அவர் பொறுப்பு. அவர் நிரப்பும் அறிவிப்புப் படிவத்தை எழுதியவன் நான். தளத்தோடு பொருத்திக்கொள்ளும் சிறு நிரல் அது, பிளக்-இன் என்பார்கள். வேறு பதினாறு அலுவலகங்களும் அதையே எடுத்துப் பயன்படுத்தின. அதன் நிரல் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இணையத்தில் கிடந்தது.

படிவத்தைத் திறக்கும்போது தளம் அதற்குள் ஒரு ரகசிய எண்ணை ஒளித்துத் தரும். சேமிக்கும்போது அதையே திருப்பிக் கேட்கும். ஒரு மணி நேரத்தில் அது காலாவதியாகிவிடும். அண்ணியோ ஓர் அறிவிப்பை அரை நாள் எழுதுவார். இரண்டு வரி எழுதுவதற்குள் தொலைபேசி அடிக்கும். யாரோ படகில் குடையை மறந்திருப்பார்கள். குடையைத் தேடிக் கொடுத்துவிட்டு வந்து சேமித்தால், ‘நேரம் முடிந்தது, மீண்டும் தொடங்கவும்’ என்று வரும். எழுதியதெல்லாம் போயிருக்கும்.

“தம்பி, உன் படிவத்துக்கு என் மேல என்ன கோவம்? உங்கம்மாகூட என்னை இவ்வளவு கேள்வி கேட்டதில்ல,” என்றார் ஒரு நாள்.

சரியான வழி எனக்குத் தெரியும். எழுதுவதை அவ்வப்போது தானாகச் சேமித்து, எண்ணையும் புதுப்பிக்க வேண்டும். அது இரண்டு நாள் வேலை. எண்ணைச் சரிபார்க்கும் வரியை எடுத்துவிடுவதற்கு இரண்டு நொடி போதும். எடுத்துவிட்டேன். அந்த வாரம் முழுதும் அண்ணி என்னைப் புகழ்ந்துகொண்டே இருந்தார். நானும் வெட்கமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு காலையில், தளத்தின் முகப்பிலிருந்த நேர அட்டவணை காணாமல் போனது. அந்த இடத்தில் சூதாட்ட விளம்பரம் மின்னியது. படகேற வந்தவர்கள், “சீட்டாட்டம் எந்தப் படகுலங்க?” என்று கேட்டுச் சிரித்தார்களாம். தளத்தின் பதிவேட்டில், பதினொன்று பத்துக்கு மாற்றியவர் என்று அண்ணியின் பெயர் இருந்தது. கணினியும் அவருடையதே. அந்த நேரத்தில் அவர் அதன் முன்தான் உட்கார்ந்திருந்தார். மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள்.

இயக்குநருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் ‘கடிகாரம்’. அவர் நல்லவர், ஆனால் முள் நகர்ந்தால் நகர்ந்ததுதான். “பதிவு பொய் சொல்லாதும்மா. கை தவறிடுச்சுன்னு நாளைக்குள்ள எழுதிக் குடுத்திருங்க. உங்களை டிக்கெட் ஜன்னலுக்கு மாத்திடறேன், அவ்வளவுதான்,” என்றார்.

செய்யாததற்கு எப்படி எழுதிக் கொடுப்பது என்று மாலையில் அண்ணி எங்கள் சமையலறையில் உட்கார்ந்து கேட்டார். அண்ணன் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தான்.

“அந்த நேரத்துல வேற ஏதாவது பக்கம் திறந்தீங்களா அண்ணி?”

“மெயில்ல ஒரு புகார் வந்துச்சு. உங்க அட்டவணையில தப்பு இருக்கு, இந்தப் படத்தைப் பாருங்கன்னு. நம்ம தப்பாச்சேன்னு அமுக்கினேன். வெறும் வெள்ளைப் பக்கம். மூடிட்டேன்.”

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த வெள்ளைப் பக்கத்துக்குள் ஒரு படிவம் மறைந்திருந்திருக்கும். அது அண்ணியின் பிரௌசரைக்கொண்டே எங்கள் தளத்துக்கு ஆணை அனுப்பியிருக்கும். அவர் ஏற்கெனவே கடவுச்சொல் கொடுத்துத் தளத்துக்குள் நுழைந்திருந்ததால் பிரௌசர் அவருடைய அடையாளத்தையும் சேர்த்தே கொடுத்திருக்கும். வெளிப்பக்கத்துக்கு ரகசிய எண் தெரியாது, அதைக் கேட்டிருந்தால் அங்கேயே மாட்டியிருக்கும். கேட்க ஆளில்லை.

அண்ணி குற்றமற்றவர் என்று நிரூபித்தால் நான் குற்றவாளி என்று நிரூபணமாகும். நான் கத்தரிக்காய்க் காம்புகளைப் பொறுக்கி அடுக்கத் தொடங்கினேன்.

“என்னடா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?” என்றான் அண்ணன்.

“விடுங்க, அவனும் என்னை நம்பல,” என்று சொல்லிவிட்டு அண்ணி எழுந்து போனார்.

மௌனம் எனக்குப் பழகிய வீடு. அன்றுதான் அதில் மூச்சு முட்டியது.

மறுநாள் காலை இயக்குநரின் அறையில், அண்ணியும் இருக்கும்போது, இயக்குநரின் கணினிக்கு ஒரு இணைப்பை அனுப்பினேன். அறிவிப்புகளைப் பார்வையிட அவரும் எப்போதும் தளத்துக்குள்தான் இருப்பார்.

“பூனை!” என்றார் இயக்குநர் அதை அமுக்கிப் பார்த்து. “அழகா இருக்கே. இதுக்கும் விஷயத்துக்கும் என்ன சம்பந்தம்?”

“இப்ப நம்ம முகப்பைத் திறங்க மேடம்.”

திறந்தார். ‘இயக்குநர் இன்று நீந்தி அக்கரை போயிருக்கிறார்’ என்றிருந்தது. பதிவேட்டில் அவர் பெயர், ஒன்பது இருபது. நான் அதை நீக்குவதற்குள் தொலைபேசி அடித்தது. அண்ணி எடுத்துக் கேட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு, “மேடம் கரையேறிட்டாங்களான்னு கேக்கறாங்க,” என்றார்.

“நான் பூனையத்தானே பார்த்தேன்!”

“அவங்களும் புகாரைத்தான் பார்த்தாங்க மேடம்.”

இயக்குநர் பூனைப் படத்தை மூடினார். “சரி. இப்படி நடக்காம இருக்கப் பூட்டு ஒண்ணும் கிடையாதா?”

“இருந்துச்சு. நான்தான் கழட்டினேன்.”

“நான் கேட்டேன் மேடம், அதான் கழட்டினான்,” என்றார் அண்ணி உடனே.

“இல்ல, அவங்க கேக்கல.”

“கேட்டேன்டா!”

“இது என்ன ஏலமா?” என்றார் இயக்குநர். “பூட்டை மாட்டுங்க. அவங்க எழுதறதும் தொலையக் கூடாது. ரெண்டு நாள்.”

இரண்டு நாளில் முடித்தேன். நான்கு மாதம் கழித்துச் செய்ய வேண்டியதல்ல, முதல் நாளே செய்திருக்க வேண்டியது. பதினாறு அலுவலகங்களுக்கும் என் தவற்றைச் சொல்லி எழுதினேன். பதினான்கு பேர் நன்றி சொன்னார்கள், ஒருவர் திட்டினார், ஒருவர் இன்னும் பதில் போடவில்லை.

அந்த வெள்ளைப் பக்கத்தை வைத்தவர் யாரென்று தெரியவரவில்லை. இயக்குநர் எனக்கு ஒரு வருடம் புது வேலை தரவில்லை, பிறகு தந்தார், அதற்கடுத்த ஆண்டு ஓய்வு பெற்றார். அண்ணன் இன்னும் என்னைப் ‘பூட்டு’ என்றுதான் கூப்பிடுகிறான். அண்ணி அதே இருக்கையில் இருக்கிறார், அறிவிப்பை அரை நாள் எழுதுகிறார், ஒரு வரிகூடத் தொலைவதில்லை.