வாசலைப் பார்த்த கேப்டன்

மார்பிள்ஹெட் துறைமுகத்தில் சத்திரங்களுக்குப் பெயர்ப்பலகை தீட்டிப் பிழைப்பவன் நான். குதிரை, சிங்கம், சேவல் எல்லாம் நன்றாக வரும். மனித முகமும் வரும், கொஞ்சம் குதிரைச் சாயலோடு. அதைச் சொல்லிக்காட்டாத அளவுக்கு எங்கள் ஊர் நாகரிகமானது.

கேப்டன் ஜேபஸ் லோரிங் மறுபடி கடலுக்குப் போக, மனைவி கெசையா ஒரு நிபந்தனை போட்டாள். அவருடைய படம் வீட்டில் தொங்கவேண்டும். அது அவளையே பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். அதுவரை வழியனுப்ப மாட்டாள். அவள் வழியனுப்பாமல் கப்பலேறினால் கரை சேரமாட்டோம் என்று நம்புகிறவர் கேப்டன்.

கெசையாவைப் போன வருடமே தீட்டியிருந்தேன். குளிர்காயும் கணப்படுப்பின் இருபுறமும் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தபடி தொங்குவது இங்கே வழக்கம். கேப்டனை நாற்காலியில் உட்காரவைத்தேன். புது விக், வெள்ளிப் பொத்தான்கள், தொடையில் ஊன்றிய கை. ஜன்னல் வெளிச்சம் முகத்தில் அழகாக விழுந்தது. கெசையாவையும் அதே ஜன்னலைப் பார்த்துத்தான் உட்காரவைத்தேன் என்பது மட்டும் மறந்துவிட்டது.

இரண்டையும் மாட்டினோம், வாசல் பக்கம் கேப்டன். இருவர் பார்வையும் இடப்பக்கம். அவள் கணவனைப் பார்த்தாள். கேப்டன் வாசலைப் பார்த்தார்.

“படத்துலகூட கால் பரபரக்குது பாருங்க,” என்றாள் கெசையா.

கேப்டன் என் காதில் சீறினார். “யோவ், மூஞ்சியத் திருப்பித் தொலைய்யா! திங்கக்கிழமை கப்பல் கிளம்புது.”

“மூஞ்சிய மட்டும் திருப்பினா ஆந்தை மாதிரி ஆயிடுவீங்களே, கேப்டன்.”

“இப்ப மட்டும் என்னவாம்? குதிரை மாதிரிதான இருக்கேன்!”

ஊர் நாகரிகம் அவ்வளவுதான்.

கெசையா முக்காலியில் ஏறி, படங்களை இடம் மாற்றி மாட்டினாள். இப்போது கேப்டன் அவளைப் பார்த்தார். அவள் வாசலைப் பார்த்தாள்.

“இது நல்லாருக்கு. இத்தன வருஷமா உங்க முதுக நான் பாத்தாச்சு. இனிமே என் முதுக நீங்க பாருங்க. போயிட்டு வாங்க, கேப்டன்.”

கேட்டது கிடைத்துவிட்டது. கேப்டன் தொப்பியை எடுத்தார். எடுத்தவர் நகரவில்லை.

“கெசையா, நீ யாரப் பாக்குற?”

“வாசலத்தான்.”

“வாசல்ல யாரு?”

“இப்போதைக்கு யாருமில்ல,” என்று சொல்லிவிட்டு மீன் கழுவப் போனாள்.

திங்களன்று கப்பல் போயிற்று. ஓட்டிப்போனவர் துணைக் கேப்டன்.

தூரிகைகளை எடுத்துவர நான் போனபோது, கேப்டன் வாசலுக்கு நேரே உட்கார்ந்திருந்தார். உள்ளே நுழைந்த என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீ எதுக்குய்யா அடிக்கடி வர்ற?”

அடுக்களையில் கெசையா சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது.

என்னைக் கண்டு ஒரு கணவன் சந்தேகப்பட்டது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. வீடுவரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.