ஒன்பது கழுத்துகள்

பிளாஸ்டிக் நாற்காலிகளை நான்கு நான்காகத் தூக்கிவந்து வாசலில் இறக்கிக்கொண்டிருந்த அண்ணன், பதிப்பாளர் தங்கையைத் தேடி வருவதைப் பார்த்ததும் கையிலிருந்த அடுக்கை வேண்டுமென்றே டமாரென்று வைத்தான். கூடத்தில் அப்பா கிடந்தார். விடியற்காலையில் உயிர் போயிருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேர் தங்கையிடம்தான் போனார்கள். புத்தகங்களுக்குப் படம் வரைந்து விருது வாங்கியவளாயிற்றே.

"உங்க படத்துல வர்ற அந்த நீளக் கழுத்து அப்பாகிட்டேருந்து வந்ததுதானேம்மா?" என்றார் பதிப்பாளர். கையில் சின்ன நோட்டு. "அஞ்சலிக் குறிப்புல எழுதணும்."

"ஆமா சார். மேம்பாலத்துக்குக் கீழ, சுவர்ல, அப்பா வரைஞ்ச, குடை புடிச்சுட்டுப் போற ஒம்போது பொண்ணுங்க. ஸ்கூல் பஸ் தினம் அந்த சிக்னல்ல நிக்கும். மனுஷங்கன்னா கழுத்து அப்படித்தான் இருக்கும்னு மனசுல பதிஞ்சுபோச்சு. அளவா போட்டா எனக்கு ஆளே வர மாட்டேங்குது."

அண்ணனுக்கு வயிறு எரிந்தது. அந்தக் கழுத்து அப்பா போட்டதே இல்லை. ஏணியில் ஏறித் தலைகளை முடித்துவிட்டு அவர் சாப்பிடப் போயிருந்தார். உடம்பெல்லாம் இவன் பங்கு. இருபது வயசு அவசரம். அளக்காமல் கோடு போட்டதில் தோள் ஒரு முழம் கீழே நின்றுவிட்டது. தலைக்கும் தோளுக்கும் நடுவே வெறும் சுவர். கழுத்தை இழுத்து ஒட்டவைத்தான். ஒன்பது பேருக்கும். இப்போது அவன் பெயின்ட் கடையில் மெஷினை வைத்துக் கலர் கலக்குகிறான். இவள் அதே கழுத்தைப் போட்டு மேடை ஏறுகிறாள்.

பதிப்பாளர் அப்பாவின் பக்கம் நகர்ந்ததும் தங்கையைச் சமையலறைக்குள் கூப்பிட்டான்.

"அந்தக் கழுத்தப் போட்டது நான். தெரியுமா உனக்கு?"

"தெரியும்ணா. போன மாசம் அப்பா சொன்னாரு."

"தெரிஞ்சுமா அவர் பேரச் சொன்ன?"

"அண்ணன் தானா சொல்ற வரைக்கும் நீ வாயத் தொறக்காதன்னாரு." அவள் டம்ளர்களில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள். "நகராட்சி இன்ஜினியர் வந்து, இதென்ன ஒட்டகச்சிவிங்கியா, எவன்யா போட்டதுன்னு கத்தினாராமே. அப்பா உன் மூஞ்சியத்தான் பாத்தாராம். நீ குனிஞ்சு டப்பா கழுவிட்டிருந்தியாம். அப்புறம் அவரே, நான்தான் சார்னு சொல்லிட்டாராம்."

அதற்குப் பிறகு நகராட்சி அப்பாவுக்கு இன்னொரு சுவர் தரவில்லை. அண்ணனுக்கு அது தெரியும். டப்பா சுத்தமான பிறகும் கழுவிக்கொண்டே இருந்ததும் நன்றாகத் தெரியும்.

"வா, இப்பவே சொல்லிடலாம்." அவள் கதவருகே போய்க் குரல் கொடுத்தாள். "சார், ஒரு நிமிஷம். அந்தச் சுவரப் பத்தி அண்ணன் ஒண்ணு சொல்லணுமாம்."

பதிப்பாளர் நோட்டைத் திறந்தபடி வந்தார். "அந்தச் சுவர்ல நீங்களும் வேலை செஞ்சீங்களா தம்பி?"

'நான்தான்' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. திட்டு விழுந்தபோது வராத வார்த்தை, பாராட்டு என்றதும் முண்டியடித்துக்கொண்டு வந்தது. கூடத்தில் கிடக்கிற மனுஷர் அதை எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்! அவர்மேலும் பொறாமையாக இருந்தது.

"ஏணி புடிச்சேன் சார்," என்றான்.

தங்கை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. பதிப்பாளர் அதையும் எழுதிக்கொண்டார். பேனா நிற்கும்வரை அண்ணன் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றான்.