சாயங்கால வகுப்பு

சபையில் கடல் தாண்டி ஊழியத்துக்கு ஆள் கேட்டபோது முதலில் கை தூக்கியவள் கணக்கு டீச்சர்தான். கல்யாணப் பேச்சை எடுத்து எடுத்து வீட்டார் அலுத்துப்போயிருந்த காலம் அது. பள்ளியில் சம்பளமில்லாத விடுப்பு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வழியனுப்ப வந்த தம்பிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "நம்ம தெருப் பிள்ளைங்களே வாய்ப்பாடு தெரியாம திரியுதுங்க. நீ பிளேன் ஏறிப் போய்ச் சொல்லித்தரப் போறியாக்கும்!"

"போடா, உனக்கே இன்னும் ஏழாம் வாய்ப்பாடு தெரியாது" என்று அவன் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அவள் போய்ச் சேர்ந்தது தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருந்த ஒரு குடியிருப்பு. பாட்டன் காலத்தில் கூலி வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். பேச்சு நம் பேச்சுதான். பள்ளிக்கூடம் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், சிறுபிள்ளைகள் தனியாகக் கடந்து போக முடியாத தூரம். சபை அங்கே ஒரு தகரக் கொட்டகை போட்டு, ஃபேன் மாட்டி, பெஞ்சு வாங்கிப் போட்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்ட போதகர் நல்ல மனுஷர், ஆனால் ஒரு இடத்தில் நிற்க நேரமில்லாதவர்.

காலை வகுப்புக்கு ஈ காக்கை வரவில்லை. டீச்சர் வீடு வீடாகப் போய்க் கேட்டாள். "காலையில எங்களோட பழைய சாமான் தரம் பிரிக்க வரணும்மா. சாயங்காலம்னா அனுப்பறோம்" என்றார்கள். வகுப்பைச் சாயங்காலத்துக்கு மாற்றினாள். பாலும் பிஸ்கட்டும் புது நோட்டும் உண்டு என்ற செய்தி பரவியதும் கொட்டகை நிரம்பி வழிந்தது. டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிள்ளைகளில் ஒருத்திக்கு அவள் வைத்த பெயர் வாயாடி. ஒருநாள் வாயாடி சொன்னாள்: "தையல் அக்காவை விட நீங்க நல்லாச் சிரிக்கிறீங்க டீச்சர். அவங்க பாட்டுக்குத் தைச்சுக்கிட்டே இருப்பாங்க. யாராவது தப்பா வாசிச்சா மிஷின் நின்னுடும். செத்தோம்னு அர்த்தம்."

"யாரு தையல் அக்கா?"

"முன்னாடி அவங்ககிட்டதானே நாங்கல்லாம் படிச்சோம். சாயங்காலம் சாயங்காலம்."

டீச்சருக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. மறுநாளே தேடிப் போனாள். ஒற்றை அறை. ஜன்னலோரம் தையல் மிஷின். சுவரிலேயே கறுப்பு பெயின்ட் அடித்த பலகை, அதில் பாதி அழிந்த எழுத்துகள். மூலையில் பாய்கள் சுருட்டிக் கிடந்தன. தையல் அக்காவுக்கு டீச்சர் வயதுதான் இருக்கும். சட்டைக் காலரைத் திருப்பிக்கொண்டே பேசினாள்.

"உட்காருங்க டீச்சர். பிள்ளைங்க நல்லாப் படிக்குதா?"

"நீங்க வகுப்பு எடுக்கிறது எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா தெரியாது."

"தெரிஞ்சிருந்தா மட்டும் என்ன? அங்க ஃபேன் இருக்கு, பிஸ்கட் இருக்கு. காசும் கேக்கறதில்லை. நானே சின்னப்பிள்ளையா இருந்தா அங்கதான் ஓடியிருப்பேன்." சிரித்தாள். பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "சாயங்காலம் வீடுதான் ரொம்ப அமைதியா இருக்கு."

டீச்சர் நேரே போதகரிடம் போய், அவளையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று கேட்டாள்.

"நல்ல யோசனைதான் சிஸ்டர். ஆனா அவங்க நம்ம சபை இல்லையே. தலைமை அலுவலகத்துல கேள்வி கேப்பாங்க. பார்க்கலாம், ஜெபம் பண்ணுவோம்."

அதோடு சரி. டீச்சர் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கேட்டிருக்கலாம். குறைந்தபட்சம், வாரத்தில் சில நாள் கொட்டகையைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளை அங்கே அனுப்பியிருக்கலாம். ஆனால் நிரம்பிய வகுப்பு ஒரு போதை. பிள்ளைகள் ஒரே குரலில் வாய்ப்பாடு சொல்லும்போது அவளுக்கு வேறெதுவும் காதில் விழவில்லை.

மறுவருஷம் தலைமை அலுவலகம் ஊழியத்தை வேறு நாட்டுக்கு மாற்றியது. அங்கே தேவை அதிகமாம். பெஞ்சுகளை லாரியில் ஏற்றினார்கள். டீச்சரின் விடுப்பும் முடிகிற நேரம். அவள் தையல் அக்காவின் வீட்டுக்கு ஓடினாள். அறையில் மிஷின் இல்லை. அக்கா சீருடை மாட்டி, தலையை வாரிக்கொண்டிருந்தாள்.

"சலவைக் கம்பெனியில சேர்ந்துட்டேன் டீச்சர். சாயங்கால ஷிஃப்ட்டு."

"வகுப்பை மறுபடி ஆரம்பிக்க முடியாதா? நோட்டு, புஸ்தகமெல்லாம் நான் தந்துட்டுப் போறேன்."

"ஷிஃப்ட்டை விட்டா திரும்பக் கிடைக்காது. அதோட, இனிமே என்கிட்ட யாரு வருவா? வந்ததும் பிஸ்கட் எங்கன்னு கேக்கும்ங்க." குரலில் கோபம் இல்லை. "உங்க மேல எனக்கு ஒண்ணுமில்ல. நல்லது பண்ணத்தான் வந்தீங்க. வர்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை விசாரிச்சிருக்கலாம். அவ்வளவுதான்." பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கதவைப் பூட்டினாள்.

ஊர் திரும்பியதும் சபையில் டீச்சரை மேடைக்குக் கூப்பிட்டுச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். "அங்க ஏற்கனவே ஒரு வகுப்பு நடந்துட்டு இருந்துச்சு. நாங்க போனதுல அது நின்னுபோச்சு. இப்ப ரெண்டும் இல்ல" என்றாள். யாரோ கை தட்ட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார்கள். தம்பி கூட அன்று கிண்டல் செய்யவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், "விடுக்கா" என்று மட்டும் சொன்னான்.

தையல் அக்காவுக்குச் சம்பளம் தந்து, குடியிருப்பில் மறுபடி வகுப்பு எடுக்க வைக்கும்படி தலைமை அலுவலகத்துக்கு எழுதிப் பார்த்தாள். பதில் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல், குடியிருப்பில் கடை வைத்திருந்தவருக்கு போன் போட்டாள். அவர் வாயாடியைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்.

"டீச்சர்! நானும் இப்ப சலவைக் கம்பெனிக்குப் போறேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. தையல் அக்காதான் சேர்த்துவிட்டாங்க. பெட்ஷீட் மடிக்கிற வேலை."

"ஏதாவது வாசிக்கிறியாம்மா?"

"பெட்ஷீட்ல நம்பர் போட்டிருக்கும். அதை வாசிப்பேன். நீங்க எப்ப டீச்சர் வருவீங்க?"

பிள்ளைகளிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லாத டீச்சர், "பார்க்கலாம்மா" என்றாள். பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள், அந்தப் பக்கம் வைத்துவிட்டது தெரிந்தும்.