ஒண்ணும் பண்ணலையே

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துவது அவள் வேலை. ஒருநாள் ஓர் ஆளுக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டு, "காதுக்குப் பின்னால உறுத்துதா?" என்று கேட்டாள். எல்லோரிடமும் கேட்பதுதான். மறுநாளே அவன் திருகு கழன்றுவிட்டதென்று வந்தான். இறுக்கிக் கொடுத்தாள். அதே வாரம் மறுபடியும் கழன்றது.

"மறை கழண்டது கண்ணாடிக்கா, ஆளுக்கா?" என்று சிரித்தார் முதலாளி. "உனக்கு ஒரு ரசிகர் கிடைச்சாச்சு."

அவளும் சிரித்து வைத்தாள். பிறகு அவன் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே நிற்கத் தொடங்கினான். தெரியாத எண்ணிலிருந்து செய்தி வந்தது: "இன்னைக்கு நீலம் எடுப்பா இருந்துச்சு." அந்த எண்ணைத் தடுத்தாள். வேறு எண்ணிலிருந்து வந்தது.

அண்ணனிடம் சொன்னாள். "நம்பரை மாத்திட்டு வேலையைப் பாரு. அவன்தான் ஒண்ணும் பண்ணலையே," என்றான்.

அதற்கப்புறம் யாரிடமும் சொல்லவில்லை. நீச்சல் வகுப்பை விட்டாள். சுற்று வழியில் போகும் பஸ்ஸில் ஏறினாள். தோழிகள் கூப்பிட்டால் தலைவலி என்றாள். கொஞ்ச நாளில் அவர்களும் கூப்பிடுவதை விட்டார்கள். வீட்டில் டிவியின் சத்தத்தைக் குறைத்தே வைத்தாள், வாசலில் காலடி கேட்க வேண்டுமே என்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அண்ணன் வீட்டுக்கு வராததைக் கவனித்தது அண்ணிதான். ஒரு மதியம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். பட்டப்பகலில் ஜன்னல் திரைச்சீலைகள் துணிக் கிளிப்புகளால் இறுக்கப்பட்டிருந்தன. அண்ணி அதைப் பார்த்தாள். லைட்டைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் அவள் கேட்டாள்: "நான் சிரிச்சுப் பேசினதுதான் தப்பா அண்ணி?"

"கடைக்கு வர்றவங்ககிட்ட மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா பேசுவே? தப்பு அவன்மேல. இப்ப உனக்கு என்ன செய்யணும்னு தோணுது?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை.

"புகார் கொடுக்கணும். தனியா போகப் பயமா இருக்கு."

"செருப்பைப் போடு. நான் வர்றேன்."

காவல் நிலையத்தில் அதிகாரி கேட்டார்: "அடிச்சாரா? கையைப் பிடிச்சாரா?"

"இல்ல."

"அப்ப ஒண்ணும் பண்ணலையேம்மா."

அண்ணி வாயைத் திறக்கப்போனாள். அதற்குள் அவளே பேசினாள்: "நேத்து என் வீட்டு வாசல்ல ஒரு பொட்டலம் இருந்துச்சு சார். மேல என் பேரு. என் வீடு எங்கேன்னு நான் அவன்கிட்ட சொன்னதே இல்ல."

பக்கத்து மேசையிலிருந்த பெண் அதிகாரி நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். "முதல்லேருந்து சொல்லுங்க. வந்த செய்திகளை அழிச்சுட்டீங்களா?"

"பாதியை அழிச்சுட்டேன். போன்ல வச்சிருக்கவே பிடிக்கல."

"பரவாயில்ல. இனிமே எதையும் அழிக்காதீங்க."

கடை கேமராப் பதிவை முதலாளியே கொண்டுவந்து கொடுத்தார். அவள் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. அவளை நெருங்கவோ தொடர்புகொள்ளவோ கூடாதென்று நீதிமன்றம் அவனுக்கு உத்தரவு போட்டது. அவன் வருவது நின்றது.

பயம் மட்டும் நிற்கவில்லை. கூட்டத்தில் யாராவது மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தாலே அவள் திரும்பி வேறு பக்கம் நடந்துவிடுவாள். விட்டுப்போன தோழிகளை எப்படித் திரும்பக் கூப்பிடுவதென்றும் தெரியவில்லை.

சாயங்காலம் அவள் கதவைத் தாழிட்டதும் அண்ணி போன் செய்வாள். பேச ஒன்றும் இருக்காது. அண்ணி போனை அடுப்படி மேடையில் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்குவாள், குழாயைத் திறப்பாள், பிள்ளைகளை அதட்டுவாள். இவள் தன் தட்டைப் போட்டுக்கொண்டு, அந்த வீட்டுச் சத்தத்தைக் கேட்டபடியே சாப்பிடுவாள்.