இரண்டு மணி பத்து நிமிடம்

தம்பியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் செக்கரக்கா, அவன் கடைசியாகச் சாப்பிட்ட பாத்திரத்தை எடுத்து முகர்ந்து பார்த்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த பை இன்னும் தோளில்தான் தொங்கியது. கூடத்தில் தம்பியைக் கிடத்தியிருந்த குளிர்பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் இவள் தலையைக் கண்டதும் அழுகையைக் கொஞ்சம் உயர்த்தினார்கள். இவளோ அவர்களைத் தாண்டி நேரே சமையலறைக்குப் போய்விட்டாள். பாவம், துக்கத்தில் கால் போன போக்கு என்று சிலர் நினைத்தார்கள். அவளைத் தெரிந்தவர்கள் அப்படி நினைக்கவில்லை.

முப்பத்தோரு வருடம் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள்; செக்கர் அக்கா என்ற பெயரே அதனால் வந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாலு வருடமாகியும் கண்கள் ஓய்வு பெறவில்லை. எதிரில் வருகிறவர் சட்டைப் பைக்குள் கை விட்டால் டிக்கெட் தேடுகிறார் என்றே அவளுக்குத் தோன்றும். கல்யாண வீட்டில்கூட, இவர் எந்தப் பக்கத்து ஆள் என்று விசாரிக்காமல் பக்கத்து நாற்காலியில் உட்கார மாட்டாள்.

பாத்திரத்தில் சோப்பு வாசனைதான் அடித்தது.

"யாரு கழுவினது?"

"நான்தான் அண்ணி," என்றாள் தம்பி மனைவி.

"எப்போ? அவன் போறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

தம்பி மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பின்னாடி."

புருஷன் மாடியில் செத்துக் கிடக்கிறான், பெண்டாட்டி பாத்திரம் கழுவுகிறாள். செக்கரக்கா மனதுக்குள் அவள் டிக்கெட்டில் முதல் ஓட்டையைப் போட்டாள்.

தம்பி கண்ணாடிக்காரன். தெருமுனையில் கடை, ஜன்னல் கண்ணாடி வெட்டிப் பொருத்துவான். இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்சு வலித்து, இனிமேல் கண்ணாடி தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அவன் மொட்டைமாடியே கதியென்று கிடந்து வெயிலில் சமைக்கிற பெட்டி ஒன்றைச் செய்துகொண்டிருந்தான். நேற்று மூன்று மணிக்குப் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டான். சாப்பிட்ட இடத்திலேயே சாய்ந்தான். எழுந்திருக்கவில்லை. இதயம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். டாக்டர் என்ன, கூட இருந்து பார்த்தாரா?

பிளாஸ்கில் காபி கொண்டுவந்தவர் எதிர்வீட்டு ரிட்டயர்டு பேங்க்கார். அதுவே செக்கரக்காவுக்கு உறுத்தியது. இந்த வீட்டு அடுப்புக்கு என்ன வந்தது? பேங்க்கார் வீட்டு ஜன்னல் நேராக இந்த மொட்டைமாடியைப் பார்க்கும். பார்க்கிற வேலையை ஜன்னலிடம் மட்டும் அவர் விட்டுவிடவில்லை.

"நான் யாரையும் எதுவும் சொல்றதில்லம்மா," என்று ஆரம்பித்தார்.

அப்படி ஆரம்பிக்கிறவர்கள் லேசில் முடிக்கமாட்டார்கள். செக்கரக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"தினம் ஒரு மணிக்கு உங்க தம்பி குளிக்க இறங்குவாரு. அவர் இறங்கின கையோட அவர் சம்சாரம் ஏறுவாங்க. பெட்டியத் தொறப்பாங்க, பாத்திரத்த எடுப்பாங்க, துண்டு போட்டு மூடிக் கீழ கொண்டு போவாங்க. இருபது நிமிஷம். திரும்பக் கொண்டாந்து வச்சிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி போயிடுவாங்க."

"எத்தனை நாளா?"

"மூணு மாசமா."

"தம்பிகிட்ட நீங்க சொல்லலையா?"

"சேச்சே. அடுத்தவங்க குடும்ப விஷயத்துல நான் தலையிடறதே இல்ல."

"நேத்து?"

பேங்க்கார் குரலைத் தணித்துக்கொண்டார். "அதான் விசேஷம். நேத்து அவங்க ஏறவே இல்ல. உங்க தம்பி குளிச்சிட்டு வந்து ஒண்ணரைக்குத் தொறந்து பாத்தாரு. மூடிட்டாரு. பக்கத்துலயே உக்காந்துட்டாரு. மூணு மணிக்குத்தான் சாப்பிட்டாரு. அதுக்கப்புறம் நான் படுக்கப் போயிட்டேன்."

மூன்று மாதம் தினமும் எதையோ கலந்தவள் நேற்று மட்டும் ஏன் நிறுத்தினாள்? கலந்தது போதும் என்று நிறுத்தினாள். செக்கரக்காவின் கணக்கு இவ்வளவு சுலபமாக என்றைக்கும் முடிந்ததில்லை.

மாடிக்குப் போனாள். பெட்டியைப் பார்த்தால் ஒரு மனிதனின் இரண்டு வருடம் மாதிரியே தெரியவில்லை. ஒரு பெரிய அட்டைப்பெட்டி, அதற்குள் ஒரு சின்ன அட்டைப்பெட்டி, நடுவில் கசக்கித் திணித்த பழைய செய்தித்தாள். மேலே இரண்டு அடுக்குக் கண்ணாடி. கடையில் மிஞ்சிய துண்டுகள். ஓரத்தில் சூடு வெளியே போகாமலிருக்க சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருந்தான். வெயிலைத் திருப்பிவிட, அச்சகத்தில் கழித்துப்போட்ட அலுமினியத் தகடு. உள்ளே கன்னங்கரேலென்று ஏதோ பூச்சு. செக்கரக்கா அதை விரலால் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனாள். பெயிண்டு சூடானால் விஷமாகும் என்று எங்கோ கேட்டிருந்தாள்.

"அது பெயிண்டு இல்லம்மா. விளக்குக் கரி. கஞ்சியில குழைச்சுப் பூசினது."

படிக்கட்டில் ஓர் இளம்பெண் நின்றிருந்தாள். கையில் பூமாலை இல்லை, அளவுநாடா இருந்தது.

"யாரும்மா நீ?"

"தொண்டு நிறுவனத்துலேர்ந்து வரேன். ஐயாவோட இந்த அடுப்ப..."

"அடையாள அட்டை இருக்கா?"

அந்தப் பெண் திகைத்துப்போய் அட்டையை எடுத்துக் கொடுத்தாள். செக்கரக்கா படத்தையும் முகத்தையும் இரண்டு முறை மாற்றி மாற்றிப் பார்த்தாள். "முடி வேற மாதிரி இருக்கே?"

"வெட்டிட்டேம்மா."

செங்கல் சூளையில் அறுபது குடும்பங்கள் இருக்கின்றனவாம். விறகு வாங்க வழியில்லாமல் பழைய டயரையும் பிளாஸ்டிக்கையும் எரித்துச் சமைக்கிறார்கள். குழந்தைகள் இருமிக்கொண்டே இருக்கின்றன. அறுபது பெட்டிகள் செய்ய நாளைக்குத் தச்சர் வருகிறார். மாதிரிப் பெட்டியும், வேகிற நேரத்தை ஐயா தினமும் குறித்துவைத்த நோட்டும் இருந்தால்தான் அவரால் வேலையைத் தொடங்க முடியும்.

"இன்னிக்கு வந்து இதக் கேக்கறது தப்புதான்மா. ஆனா ஐயா பெட்டி மாதிரி நான் பாத்ததே இல்ல. கண்ணாடி விளிம்பெல்லாம் மழுக்கியிருக்காரு, குழந்தை தொட்டாக்கூட வெட்டாது. மூடி கைமேல விழாம முட்டுக்கொடுத்திருக்காரு. தகட்டு வெளிச்சம் கண்ணுல அடிக்காது. எல்லாத்துக்கும் மேல, ரெண்டு மணி பத்து நிமிஷத்துல பயறு வேகுது! பதினொண்ணு இருபதுக்கு வச்சா, சூளையில ஒண்ணரைக்குச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது ரெடியா இருக்கும்."

செக்கரக்கா பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்த நோட்டை எடுத்துப் புரட்டினாள். தம்பியின் குண்டு குண்டான கையெழுத்து. முதல் நாள் மட்டும் ஒன்றும் எழுதாமல் கோடு. அதற்கப்புறம் தொண்ணூறு நாள். 'இடையில் திறக்கவில்லை. இரண்டு மணி பத்து நிமிடம். நன்றாக வெந்தது.' அடுத்த நாளும் அதே. 'மேகமூட்டம். இரண்டு மணி பத்து நிமிடம். நன்றாக வெந்தது.' நேற்றைய பக்கம் மட்டும் காலி. உலகத்தில் எந்தப் பேருந்தும் தொண்ணூறு நாள் ஒரே நேரத்துக்கு வந்து அவள் பார்த்ததில்லை.

நோட்டை இடுக்கிக்கொண்டு கீழே இறங்கினாள். சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

"மூணு மாசமா அந்தப் பாத்திரத்துல என்ன கலந்த?"

தம்பி மனைவி முதலில் புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் அழவில்லை, பாத்திரம் கழுவுகிற தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கலக்கல அண்ணி. வேக வச்சேன்."

"என்ன?"

"மொதல் நாள் பயறு கல்லு மாதிரி இருந்துச்சு. அதக் கடிச்சுத் தின்னுட்டு, 'நல்லாத்தான் இருக்கு, இல்ல?'ன்னு என் மூஞ்சியப் பாத்தாரு. கடைக்குப் போகக்கூடாதுன்னதுலேர்ந்து சுவரப் பாத்துப் படுத்த மனுஷன், அந்தப் பெட்டிக்காகத்தான் எழுந்தாரு. சரி, ஒரே ஒரு தடவன்னு மறுநாள் கேஸ்ல கொதிக்க வச்சுக் கொண்டுபோய் வச்சேன். 'வெந்திருச்சுடி!'ன்னு மாடியிலேர்ந்து கத்தினாரு. தெருவுக்கே கேட்டுச்சு. அதுக்கு மறுநாள் நான் எப்படி நிறுத்துவேன், சொல்லுங்க?"

"நேத்து ஏன் நிறுத்தின?"

"கேஸ் தீர்ந்துபோச்சு."

டிக்கெட்டைக் காற்று அடித்துக்கொண்டு போனது, குழந்தை மென்றுவிட்டது, பர்ஸோடு தொலைந்தது என்று முப்பத்தோரு வருடம் கேட்டவள். ஒன்றையும் நம்பியதில்லை. குனிந்து சிலிண்டரைப் பிடித்துத் தூக்கினாள். ஒரு கையிலேயே எழும்பி வந்தது.

"கழுவும்போது பாத்திரத்துல என்ன ஒட்டியிருந்துச்சு? வெந்ததா, வேகாததா?"

"பாக்கல அண்ணி. கண்ண மூடிக்கிட்டுத்தான் கழுவினேன்." தம்பி மனைவியின் குரல் இறங்கியது. "அவருக்குத் தெரிஞ்சிருச்சு. இத்தனை நாளும் ஏமாத்தியிருக்கான்னு... அதான் அந்த நெஞ்சு..."

கூடத்தில் யாரோ புதிதாக வந்திருக்க வேண்டும். அழுகை மறுபடி உயர்ந்து அடங்கியது.

"பயறு இருக்கா?"

"இன்னிக்குள்ளத நேத்து காலையிலயே அவரே ஊறப் போட்டுட்டாரு. தண்ணி மட்டும் மாத்தி மாத்தி வச்சிருக்கேன். கொட்ட மனசு வரல."

பதினொன்று இருபதுக்குச் செக்கரக்கா பயறைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். தகட்டை வெயிலுக்கு நேராகத் திருப்பிவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். தொண்டு நிறுவனப் பெண்ணை நாலு மணி வரை இருக்கச் சொன்னாள். ஏன் என்று கேட்கிற தைரியம் அந்தப் பெண்ணுக்கு இல்லை.

கீழே தெருவுக்கு நல்ல வேலை கிடைத்தது. தம்பி பிணமாகக் கிடக்கிறான், அக்கா மாடியில் சமைக்கிறாள். வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்றார்கள். இல்லை, வீட்டுப் பத்திரம் மாடியில் இருக்கிறது, காவல் காக்கிறாள் என்றும் சொன்னார்கள். சித்தப்பா மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"என்னம்மா கூத்து இது? எல்லாரும் கேக்கறாங்க."

"கேட்டா வேலையா இருக்கேன்னு சொல்லுங்க."

"அப்படி என்னதான் இருக்கு உள்ள?" அவர் மூடியில் கை வைத்தார்.

"கைய எடுங்க சித்தப்பா! தொறந்தா சூடு போயிடும்."

சித்தப்பா கையை மட்டுமல்ல, ஆளையே எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

ஒன்றரைக்குத் திறந்தாள். ஒரு பயறை எடுத்து விரல்களுக்கு நடுவில் அழுத்தினாள். நகம்தான் வலித்தது. படிக்கட்டில் தம்பி மனைவி நின்றிருந்தாள்.

"நீ பக்கத்துல வராத," என்றாள் செக்கரக்கா. "நீ மட்டும் வரவே வராத."

"வெந்துச்சா?"

"இல்ல."

தம்பி மனைவி அங்கேயே படியில் உட்கார்ந்தாள். நேற்று இதே நேரத்தில் அவன் பார்த்தது இதைத்தான். செக்கரக்கா பெட்டியை மூடினாள். நகர்ந்துவிட்ட வெயிலுக்கு அதைக் கொஞ்சம் திருப்பி வைத்தாள். பிறகு கைப்பிடிச் சுவரருகே போய் எதிர்ஜன்னலைப் பார்த்துக் கூப்பிட்டாள். பேங்க்கார் முதல் குரலிலேயே கிடைத்தார்.

"நேத்து சாப்பிடறப்போ தம்பி மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

பேங்க்கார் ஜன்னலை விட்டு அரை அடி பின்வாங்கினார். "முதுகுதாம்மா தெரிஞ்சுது."

மூன்று மணிக்கு, நேற்று தம்பி சாப்பிட்ட அதே நேரத்துக்கு, மறுபடி திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. அழுத்துவதற்கு முன்பே பயறு விரலில் நசுங்கியது. வாயில் போட்டுப் பார்த்தாள். இன்னொன்றையும், பாத்திரத்தின் அடியிலிருந்து எடுத்து, போட்டுப் பார்த்தாள். மேலே இருப்பதை மட்டும் பார்த்து நம்புகிற ஆள் இல்லை அவள்.

"எழுதிக்கோ," என்றாள் அந்தப் பெண்ணிடம். "மூணு மணி நாப்பது நிமிஷம்."

"ஆனா நோட்டுல..."

"நோட்டுல இருக்கறது தப்பு. அவன் கைக்கடிகாரம் ஓடல."

"தொண்ணூறு நாளுமா?"

"தொண்ணூறு நாளும்."

அந்தப் பெண் செக்கரக்காவைப் பார்த்தாள்; படியில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள். பிறகு குனிந்து எழுதினாள். "காலை வெயிலுக்கு இன்னும் கூட ஆகும். வேலைக்கு வர்றப்பவே வச்சிடச் சொல்றேம்மா."

"சொல்லு. அரைவேக்காடு வயித்தக் கலக்கும். அதையும் சேத்துச் சொல்லு. பெட்டிய நாளைக்கு வந்து எடுத்துக்க."

பெண் இறங்கிப்போனாள். படியில் உட்கார்ந்திருந்தவளைப் போல டிக்கெட் இல்லாத ஓர் ஆளைச் செக்கரக்கா தன் வாழ்நாளில் இறக்கிவிடாமல் போகவிட்டது அன்றைக்குத்தான். அது தெருவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மரணத்தைவிட அதைத்தான் பெரிதாகப் பேசியிருப்பார்கள்.

"வா," என்றாள். "இப்ப வரலாம்."

தம்பி மனைவி எழுந்து வந்தாள். செக்கரக்கா ஒரு பயறை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். அவள் அதைக் கட்டைவிரலால் தொட்டாள். தோல் விலகி, மாவு மாதிரி பரவியது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

தம்பியைக் கொண்டுபோக வாசலில் வண்டி வந்து நின்றது. சித்தப்பா கீழிருந்து இருவரையும் கூப்பிட்டார். நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவள், பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, இன்னொரு பயறை எடுத்தாள். அப்புறம் இன்னொன்று. செக்கரக்கா மூடியை ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சித்தப்பா இரண்டாவது தடவையும் கூப்பிட்டார்.

"இருங்க," என்றாள் செக்கரக்கா. "சாப்பிடறா."